மறு: எலக்ட்ரான்–ஹேட்ரான் கொலைடர்: மோதியா, மோதுவியா?

அன்புள்ள ஐயா,

> "எலக்ட்ரான்–பருமி மோதி" என்று வைத்துவிடலாமே. மூலச்சொல்லும் பருமனைத்தானே குறிக்கிறது?

துகள்களை எதிரெதிரே விட்டு மோதவைக்கும் பொறியாகிய கொலைடருக்கும், புரோட்டான் போன்ற துகள்களின் இனப்பெயராகிய ஹேட்ரானுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். மூலச்சொல் பற்றி நீங்கள் சொன்னது சரி. 1962-இல் இயற்பியலாளர் லெவ் ஒகூன் ஹேட்ரான் என்று பெயரிட்டபோது "தடித்தது" என்ற கிரேக்கப் பொருளை மனத்தில் வைத்துத்தான் இட்டார்; எலக்ட்ரானை உள்ளடக்கிய மெலிந்த இனமாகிய லெப்டானுக்கு எதிர்ச்சொல்லாக. ஆனால் 1970-களில் டௌ லெப்டான் வந்து கணக்கைக் கெடுத்துவிட்டது. அதன் நிறை 1777 மெகா எலக்ட்ரான் வோல்ட், புரோட்டானுக்கு 938தான். பையானும் ஹேட்ரான்தான், ஆனால் 140-க்குள் அடங்கிவிடும். மெலிந்தது பருத்ததைவிட இருமடங்கு கனம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அணுக்கருவைக் கட்டிவைக்கும் வல்விசைக்கு உட்படுவதுதான் ஹேட்ரானின் அடையாளம். அதை வைத்து "வல்லி" என்று பார்த்தேன், கொடியும் பெண்பெயரும் முந்திக்கொண்டன. "வன்மி"யில் வன்மம் எட்டிப்பார்க்கிறது. ஹேட்ரானை அப்படியே விட்டுவிடுவோம்.

"மோதி"தான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தைப் பற்றி "புரூக்ஹேவனில் எலக்ட்ரான் அயனி மோதி அமைகிறது" என்று எழுதி வீட்டில் படிக்கக் கொடுத்தேன். "எது எதோட மோதி?" என்று கேட்டாள் மகள். அவளுக்கு அது வினையெச்சம். "மோதுவி"யில் அந்தக் குழப்பம் இல்லை. செய்வி, நடப்பி போலப் பிறவினை. துகள்கள் மோதுகின்றன, பொறி மோதுவிக்கிறது.

முன்பு ஒருவர் கொலைடருக்கு, உள்ளே துருவிப் பார்ப்பது என்ற பொருளில், "துருவி" என்று சொல்லியிருந்தார். தேங்காய் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது என்றாலும், அவர் எண்ணம் ஆழமானது. செர்ன் ஆய்வகத்தின் பெரிய கொலைடராகிய எல்ஹெச்சியில் புரோட்டானோடு புரோட்டான் மோதுவது இரண்டு அரிசி மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று எறிவது போல. எலக்ட்ரானோ மண்டிக்காரரின் குத்தூசி: மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே செருகி ஒரு பிடி எடுத்துப் பார்க்கலாம். எலக்ட்ரானுக்கு உள்கட்டமைப்பு ஏதும் தென்பட்டதில்லை; புரோட்டானுக்குள் இருக்கும் ஒரு குவார்க்கோடு ஃபோட்டான் என்ற ஒளித்துகளைப் பரிமாறி விலகும்போது, விலகிய கோணமும் மிஞ்சிய ஆற்றலும் உள்ளிருப்பைச் சொல்லிவிடும். ஹாம்பர்கின் ஹெரா கொலைடர் 1992 முதல் 2007 வரை இதைத்தான் செய்தது, ஏறக்குறைய 27.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானை, 920 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் கொண்ட புரோட்டானுக்கு எதிரே விட்டது. புரோட்டானின் உந்தத்தில் சிறுபங்கு சுமக்கும், குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களைத் தேடிப் போகப் போக, அவற்றின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது.

அப்பெருக்கம் எங்காவது நிற்குமா என்பது புரூக்ஹேவன் பொறியின் முதன்மைக் கேள்விகளுள் ஒன்று. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். வேதியியலில் தெவிட்டிய கரைசல் இருக்கிறதே, "குளுவான் தெவிட்டல்" போதும். புரோட்டானின் தற்சுழற்சியில் குவார்க்குகளின் தற்சுழற்சி ஏறக்குறைய 30 விழுக்காடுதான் தருகிறது. மீதி எங்கிருந்து என்பது இன்னொரு கேள்வி. அதற்காகவே இரு கற்றைகளையும் தற்சுழற்சி ஒருமுகமாக இருக்கும்படி விடப்போகிறார்கள்.

ஒரு திருத்தம். புரூக்ஹேவனில் புரோட்டான் முதல் யுரேனியம் வரை விடத் திட்டம். ஆகவே அங்கே "எலக்ட்ரான்–அயனி மோதுவி" என்பதே பொருத்தம். எலக்ட்ரான் உரிக்கப்பட்ட ஹைட்ரஜனாகிய புரோட்டானும் அயனிதானே. பெயரிலேயே ஹேட்ரானைச் சுமக்கும் செர்னின் எல்ஹெச்இசி முன்மொழிவுக்கு (எல்ஹெச்சியின் புரோட்டானோடு எலக்ட்ரானை மோதவிடும் திட்டம்) "ஹேட்ரான்–எலக்ட்ரான் மோதுவி".

இலங்கை நண்பர்கள் இலத்திரன்–அயன் மோதுவி என எழுதட்டும். ஒற்று மிகுமா, "மோதுவிக் கற்றை"யா "மோதுவி கற்றை"யா என்பதை மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்