நீலக் கண்ணாடி, பச்சை வெளிச்சம்

செந்தூலிலிருந்து:

சிவப்பும் பச்சையும் காட்டிச் சிக்னல் கொடுக்கும் பழைய ரயில்வே கை விளக்குகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்குக்கும் எழுதுகிறேன். என்னிடம் நான்கு விளக்குகள் இருக்கின்றன. முதல் விளக்கில் நன்றாக ஏமாந்தேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோலாலம்பூரில் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கத்துப் பழைய சாமான் சந்தையான பாசார் காராட்டில் ஒரு விடியற்காலை. கிழிந்த பாய் ஒன்றில் பழைய கடிகாரங்களுக்கு நடுவே அந்த விளக்கு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் பித்தளைத் தகடு, அதில் ‘எஃப்.எம்.எஸ்.ஆர்.’ என்ற எழுத்து, பழைய மலாய் ரயில்வேயின் சுருக்கப் பெயர். என் அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 1920களின் சரக்கு என்றார் விற்றவர். பேரம்கூடப் பேசாமல் 350 வெள்ளியை (ரிங்கிட்) எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கின் கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே கரி ஒரு பொட்டுகூட இல்லை. புகைபோக்கிக்குள் விரலை விட்டுத் துழாவினேன், விரல் சுத்தமாக வெளியே வந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரண்டு ரிவெட்டுகளின் பின்பக்கம் நேற்று அடித்ததுபோல் மின்னியது. அலங்காரத்துக்காகச் செய்த புது விளக்கில் யாரோ தகடு அடித்து விற்றிருக்கிறார்கள். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. பணம் போனதைவிட அப்பாவின் ரயில்வேயின் பெயரை வைத்து ஏமாற்றியதுதான் வலித்தது.

அதற்குப் பிறகு எந்த விளக்கைப் பார்த்தாலும் தகட்டைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் உள்ளே பார்ப்பேன். வருடக்கணக்கில் எரிந்த விளக்கில் கரி தகரத்தோடு ஒட்டி இறுகிப் போயிருக்கும், துடைத்தாலும் முழுக்கப் போகாது. அடுத்து, கை படும் இடங்கள். பின்பக்கக் கைப்பிடியின் உட்புறமும், நிறம் மாற்றுவதற்காகத் திருகும் தலைப்பகுதியும் பெயின்ட் போய் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கை படாத மூலையில் பெயின்ட் தேய்ந்து, கை படும் இடத்தில் புதிதாக இருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முன் கண்ணாடி ஒரு பக்கம் புடைத்து, தடித்து, கனமாக இருக்கும். எண்ணெய்த் தொட்டி தனியாகக் கழன்று வரும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் எழுத்தைப் படிக்கவே உட்காருவேன்.

எழுத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வே 1901இல் உருவானது. போருக்குப் பிறகு அது மலாயன் ரயில்வே ஆனது. அதன் மலாய்ப் பெயரான கேடிஎம், நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 1962இல்தான் வந்தது. ‘கேடிஎம்’ முத்திரையோடு ஒரு விளக்கைக் காட்டி ‘வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்’ என்று ஒருவர் சொன்னால் கணக்கு உதைக்கிறது. அதற்காகக் கேடிஎம் விளக்கு மட்டம் என்று நினைக்காதீர்கள். என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அதை வாங்கிய புதிதில் ஒரு குறை இருந்தது. சிவப்புக் கண்ணாடி சரியாக இருந்தது. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒன்று இருந்தது, மயில் கழுத்து மாதிரி. உடைந்துபோய் யாரோ கிடைத்த கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஃப்ளாட்டின் கீழ்மாடியில் 1960களில் ரயில்வேயில் சேர்ந்து கார்டாக ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்கை வாங்கினார். கண்ணால் தேடவே இல்லை, கட்டைவிரல் தானாகத் தலைப்பகுதிக்குப் போனது. ஒரு திருகு, டக். இன்னொரு திருகு, டக்.

“நீலம் இல்ல தம்பி. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திப் பாரு” என்றார்.

திரி காய்ந்து கருகியிருந்ததால் புதுத் திரி போட்டோம். சமையலறை லைட்டை அணைத்துவிட்டுக் கொளுத்தியதும் எதிர்ச் சுவரில் நல்ல பச்சை வட்டம் விழுந்தது. எண்ணெய்ச் சுடர் மஞ்சளாக எரியும். சாதாரணப் பச்சைக் கண்ணாடி வழியாகப் போனால் வெளிச்சம் மஞ்சளோடு கலந்து குழப்பும். அதற்காகத்தான் கண்ணாடியை நீலம் தூக்கலாகச் செய்தார்கள். பகலில் நீலமாகத் தெரிவது இரவில் பச்சையாக வரும்.

தாத்தா அதோடு விடவில்லை, எழுந்து நின்று சிக்னல் காட்டினார். சிவப்பை அசைக்காமல் பிடித்தால் நில். சிவப்புக்குத் திருக நேரமில்லாவிட்டால், கையில் எந்த நிறம் இருந்தாலும் வேகமாக ஆட்டினால் போதும், டிரைவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஆட்டிக் காட்டும்போது அவர் முகத்தில் வயதே தெரியவில்லை. அவர் போய் இரண்டு வருடமாகிறது.

பினாங்கிலிருந்து:

அண்ணே, இதைப் படித்துவிட்டு உடனே அலமாரியைத் திறந்தேன். எங்கள் விளக்கிலும் நீலக் கண்ணாடிதான் இருக்கிறது. போன மாதம் லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் காட்டியபோது, இது கோளாறு, பச்சையாக வேறு வெட்டிப் போட்டுக்கொள் என்றார். கண்ணாடிக் கடைக்குப் போவதாகவே இருந்தேன்.

விளக்கு என் தாத்தாவுடையது. அவர் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் ஷண்டிங் வேலை, அதாவது ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை பார்த்தவர். பினாங்குத் தீவுக்கு ரயில் வந்ததே இல்லை, ஆனால் ஜார்ஜ் டவுனில் மணிக்கூண்டோடு ஒரு ரயில்வே கட்டடம் உண்டு, இப்போது சுங்கத் துறை இருக்கும் கட்டடம். அங்கே டிக்கெட் வாங்கி, ஃபெரியில் அக்கரைக்குப் போய் வண்டி ஏறுவார்கள். தாத்தா தினமும் இக்கரையிலிருந்து ஃபெரியில் போனதாகப் பாட்டி சொல்லுவார். தாத்தா ஓய்வுபெற்ற பிறகு விளக்கைப் பாட்டி எடுத்துக்கொண்டார். ராத்திரி கொல்லைக்குப் போகவும், கோழிக்கூட்டில் பாம்பு வந்திருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான்.

நீங்கள் சொன்னபடி உள்ளே பார்த்தேன். கரி இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஆணியால் கீறிய ஓர் எழுத்து: ‘மு’. எங்கள் தாத்தா பெயரின் முதல் எழுத்து. இத்தனை வருடம் வீட்டில் இருந்தும் அந்தத் தொட்டியை யாரும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

இதைச் சுத்தம் செய்யலாமா? அம்மா பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்.

செந்தூலிலிருந்து:

தம்பி, தயவுசெய்து வேண்டாம். பிராஸோ போட்டால் தாத்தாவின் கைத்தேய்மானம் போய்விடும், அந்தக் கீறலும் மங்கிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி, உடனே ஈரம் போகத் துடைப்பது, அவ்வளவு போதும். திருகு இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு அப்படியே வையுங்கள். அடுப்பில் காட்டிச் சூடாக்க வேண்டாம், ஈயப் பற்று விட்டுப்போகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். இன்னொன்று: வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். அந்தப் புடைத்த கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவித்துவிடும். என் மேஜைத் துணி ஒரு முறை அப்படிப் பொசுங்கியது.

கண்ணாடியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பினாங்கிலிருந்து:

மாற்றவில்லை அண்ணே. நேற்று ராத்திரி புதுத் திரி போட்டுக் கொளுத்தினோம். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு அம்மா விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். சுவரில் பச்சை விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பா வீட்டுக்கு வர்ற வெளிச்சம் இதுதான்டா” என்றார். எண்ணெய் தீரும்வரை அணைக்க விடவில்லை.