கை நடுங்கினால் வட்டத்துக்குள் ஒரு நிமிடம் நிற்கலாமா?

முத்தியால்பேட்டை:
இரும்புக் குண்டுகளைச் சின்ன மரக்குண்டுக்கு அருகில் வீசி நிறுத்தும் பெத்தாங்க் ஆட்டம், வெற்றிக்கு ஒரே புள்ளி பாக்கியாக 12-12 என்று நிற்கும்போது கை நடுங்கினால், வீசுபவருக்கான வட்டத்துக்குள் நின்று விதி தரும் ஒரு நிமிடத்தையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மஞ்சக்குப்பத்து நண்பர் நேற்று இளையவர்களுக்கு எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பெத்தாங்கில் அந்த ஒரு நிமிடம் முந்தைய குண்டு உருண்டு நின்ற கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. நாம் வட்டத்துக்குள் கால் வைத்த பிறகு அல்ல.

மஞ்சக்குப்பம்:
நிமிடம் எப்போது தொடங்குகிறது என்பதா ஐயா என் பேச்சு? பதறுகிறவர் குண்டை இறுக்கிப் பிடிக்கிறார். விரல்கள் தாமதமாக விடுகின்றன. 700 கிராம் இரும்பு மேலே எழும்பி, நினைத்த இடத்துக்கு முன்பே விழுந்துவிடுகிறது. மூச்சு அடங்கினால்தான் பிடி தளரும்.

முத்தியால்பேட்டை:
மூச்சு அடங்க வேண்டிய இடம் வட்டத்துக்கு வெளியே. மரக்குண்டுக்கு அருகில் வைப்பதா, எதிராளியின் குண்டை அடிப்பதா என்று கூட்டாளியுடன் பேசி முடிப்பது, விழும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்வது, குண்டைத் துணியால் துடைப்பது ஆகிய எல்லாவற்றையும் வெளியிலேயே முடித்தவனுக்கு உள்ளே வீசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. உள்ளே வந்தால், குண்டு தரையைத் தொடும்வரை இரண்டு பாதங்களும் எழக்கூடாது. ஆட்டத்தின் பெயருக்கே ஊன்றிய பாதம் என்றுதான் பொருள். அப்படி நட்ட கம்பம்போல் நிற்பவனுக்கு நேரம் நீள நீள முழங்காலும் சேர்ந்து நடுங்கும். நிமிடம் தாண்டினால் நடுவர் மஞ்சள் அட்டையும் காட்டுவார்.

மஞ்சக்குப்பம்:
அந்தப் பெயர் தென் பிரான்சின் லா சியோத்தாவில் பிறந்தது, முத்தியால்பேட்டையில் அல்ல. கடலூர்க்காரர்களுக்கு விதி தெரியாது என்ற எண்ணத்தை விடுங்கள்.

லாஸ்பேட்டை:
முத்தியால்பேட்டை அண்ணன் போன பொங்கல் ஆட்டத்தில் வட்டத்துக்குள் வந்த வேகத்தில் வீசி மூன்று குண்டுகளையும் வீணாக்கியதை, கூட்டாளியாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

முத்தியால்பேட்டை:
வீணானவை இரண்டுதான், தம்பி. மழைக்குப் பிறகு கூழாங்கற்கள் மேலே வந்திருந்த தரை அது. நான் கையை ஓங்கிய நேரத்தில் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். இருபது ஆண்டுகளாக ஆடுகிறேன். நிமிடம் முந்தைய குண்டு நின்றதிலிருந்துதான்.

லாஸ்பேட்டை:
நான் பேசவில்லை. தூரத்தைத்தான் சொன்னேன்.

வில்லியனூர்:
நான் ஆட வந்து ஓராண்டு ஆகிறது. இரண்டு குண்டுகளில் எது மரக்குண்டுக்கு அருகில் என்று அளக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதன் பிறகு என் முறை வந்தால் கையே வருவதில்லை. அதற்கு என்ன செய்வது, ஐயா?

முத்தியால்பேட்டை:
அளந்தால், அளந்து முடித்த கணத்திலிருந்து நிமிடம் ஓடும். அப்போதும் வட்டத்துக்குள் கால் வைத்த பிறகு அல்ல.

மஞ்சக்குப்பம்:
அந்தப் பெண் கேட்டது நேரத்தை அல்ல, ஐயா. அம்மா, நீங்கள் வட்டத்துக்குள் நின்று நிதானமாக மூச்சு விடுங்கள்.

முத்தியால்பேட்டை:
வட்டத்துக்கு வெளியே, அம்மா. வெளியே.