அப்பாயியின் பெயரில் வந்த ஓர் ஏக்கர்: கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பற்றிய அனுபவப் பகிர்வு

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் அப்பாயியின் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு மஞ்சள் பை எப்போதும் இருக்கும். அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு கிரயப் பத்திரம். ஆறு வயதில் மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளத் தொடங்கி, பிறகு நாற்பது ஆண்டுகள் அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்பும் அறுப்புமாகவே கழித்த அவருடைய பெயருக்கு, 1980களின் பிற்பகுதியில் ஓர் ஏக்கர் நன்செய் நிலம் வந்து சேர்ந்ததற்கான சான்று அது. அந்த நிலம் வந்ததற்குக் காரணம், நிலமற்றவர்களுக்காகக் காந்திய வழியில் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

1926 ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், ஒரு தலித் கூலிக் குடும்பத்தில் பிறந்த அவர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் நாகம்மாள் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். காந்தியவாதியான டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் கிருஷ்ணம்மாள் மதுரையில் தங்கிப் பட்டம் வரை படித்தார். வசதியான குடும்பத்தைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கிய சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவரும், நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று உறுதியாக இருந்து, 1950 இல் மணம் செய்துகொண்டனர். அதன் பின், நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்டுப் பெற்ற வினோபா பாவேயின் பூதான இயக்கம் இருவரையும் ஊர் ஊராக நடக்க வைத்தது.

1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமையைக் கேட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். அப்படி வந்த இவர் திரும்பிப் போகவில்லை என்பதைத்தான் எங்கள் பக்கத்து முதியவர்கள் கிருஷ்ணம்மாள் அம்மாவைப் பற்றி முதலில் சொல்வார்கள். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, எங்கள் சேரிகளில் எங்களைப் போலவே இருந்து, எங்கள் உணவையே உண்டு அவர் தங்கிவிட்டார். அவருடைய மகனும் மகளும் பின்னாளில் மருத்துவர்கள் ஆனார்கள்.

1981 இல் கணவனும் மனைவியுமாகத் தொடங்கியதுதான் உழுபவனின் நில உரிமை இயக்கம். எங்கள் ஊரில் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'லாப்டி' (LAFTI) என்றால்தான் தெரியும். விற்க மனமுள்ள நிலவுடைமையாளரிடம் பேசி விலையைப் படியவைத்து, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்குப் பங்கிட்டு, அவர்கள் விளைச்சலிலிருந்தே கடனை அடைக்கச் செய்வது அதன் முறை. பூதானத்தில் தானமாகக் கிடைத்த நிலத்தில் பயிருக்கு உதவாததும் நிறைய இருந்ததைக் கண்ணால் கண்டவர் என்பதால், நல்ல நிலத்தை நியாயமான விலைக்கு வாங்குவதே வழி என்று அவர் துணிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, பத்திரத்தைப் பெண்களின் பெயரில் எழுதியதைத்தான். தாத்தாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. இரண்டு நாள் வீட்டில் சோறு உண்ணாமல் இருந்தாராம்.

அதன் அருமை எங்களுக்குப் பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. சித்தப்பா வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் கட்டுவதற்காக நிலத்தை விற்கச் சொன்னார். தாத்தாவும் சம்மதித்துவிட்டார். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்தபடியே இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றி, ஊக்கில் கோத்து, சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "கம்மல எடுத்துக்கடா. மண்ண மட்டும் கேக்காத" என்றார். இறக்கும் வரை அவர் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. ஆனால் அந்த ஓர் ஏக்கரின் சம்பா நெல்லில்தான் நான் பள்ளிக்கும் என் அக்கா செவிலியர் படிப்புக்கும் போனோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுப்பு முடிந்த பிறகு சிந்திய கதிரைப் பொறுக்க வரும் பெண்களை அப்பாயி ஒரு நாளும் விரட்டியதில்லை. பொறுக்கப் போய் அடி வாங்கிய வடு அவருடைய முழங்காலில் இருந்தது.

நாகைக் கடற்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

உங்கள் அப்பாயியைப் பற்றிப் படித்ததும் என் தாயார் நினைவுக்கு வந்தார். எங்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆனால் கிருஷ்ணம்மாள் அம்மாவின் பின்னால் நடந்தவர்களில் என் தாயாரும் ஒருவர். 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊரைச் சுற்றி நெல் வயல்களெல்லாம் இறால் குட்டைகளாயின. கடல்நீரை மோட்டார் வைத்து இறைத்துத் தேக்கியதால் உப்பு நிலத்துக்குள் இறங்கி, எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாததாகிவிட்டது. நடவு வேலையும் இல்லாமல் போனது. என் தாயார் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து, அடுத்த ஊரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அறுபது வயதைக் கடந்துவிட்ட கிருஷ்ணம்மாள் அம்மாவும் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஜெகந்நாதன் ஐயாவும் உண்ணாவிரதம், நடைப்பயணம், மறியல் என்று ஊர் ஊராக வந்தார்கள். ஐயா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த அன்று தெருவில் சர்க்கரை வழங்கினார்கள். ஆனால் குட்டைகள் உடனே மூடப்படவில்லை; அதற்கும் போராட வேண்டியிருந்தது. வழக்கைத் தொடுத்தவர் பெயர் சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. வெயிலில் அமர்ந்திருந்த பெண்களின் பெயர் எதிலும் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

திருவாரூர்ப் பக்கத்து உறுப்பினர்:

உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. 2008 இல் கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கும் ஜெகந்நாதன் ஐயாவுக்கும் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது, என் அப்பாயி உயிரோடு இருந்தார். செய்தித்தாளை நான் படித்துக் காட்டியதும், விருது என்றால் என்ன என்று கேட்காமல், "அந்தம்மாவுக்கு இப்பவாச்சும் நல்ல வீடு கெடச்சுதா?" என்றுதான் கேட்டார். ஐயா 2013 இல் மறைந்தார். 2020 இல் அம்மாவுக்குப் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டபோது அதைப் படித்துக் காட்ட அப்பாயி இல்லை.

பட்டா இப்போது என் தாயாரின் பெயருக்கு மாறியிருக்கிறது. மருமகள் பெயருக்குத்தான் போக வேண்டும் என்று அப்பாயி முன்பே சொல்லி, எழுதியும் வைத்திருந்தார். தாசில்தார் அலுவலகத்துக்குத் தாயாரை அழைத்துச் சென்றவர் என் தந்தை. பழைய பத்திரத்தை அதே மஞ்சள் பையில்தான் வைத்திருக்கிறோம். கடைசிப் பக்கத்தில், சற்றுக் கலங்கிய மையில், அப்பாயியின் இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. கருக்கரிவாள் கிழித்த கோடு அதன் நடுவே தெளிவாகத் தெரிகிறது.