ஸ்ப்ரெட் என்பதற்கு ‘விரிபக்கம்’: ஆண்டு மலர் மேசையிலிருந்து ஒரு மறுமொழி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி ஆண்டு மலரின் மாணவ ஆசிரியராக, ஸ்ப்ரெட் என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் உங்களிடம் கேட்டிருந்தேன். எங்கள் மலர்க் குழுவில் எல்லோரும் தமிழில்தான் பேசுகிறோம். ஆனால் வடிவமைக்க உட்கார்ந்துவிட்டால் “அந்த ஸ்ப்ரெட் முடிஞ்சதா, இந்த ஸ்ப்ரெட்ல படம் பத்தலையே” என்றுதான் பேச்சு ஓடுகிறது. நீங்கள் தந்த சொற்களை ஒரு வாரம் வேலையில் புழங்கிப் பார்த்தோம். எங்களுக்கு நின்ற சொல் விரிபக்கம். மற்றவை ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டியது என் கடமை.

புத்தகத்தைத் திறந்ததும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து ஒரே பரப்பாகக் கண்ணில் படுகின்றன. அந்தப் பரப்புதான் ஸ்ப்ரெட். ஆண்டு மலரில் தனிப் பக்கத்தை யாரும் வடிவமைப்பதில்லை. விளையாட்டு விழா என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய படம், அதைச் சுற்றிச் சின்னப் படங்கள், இரண்டுக்கும் குறுக்கே ஒரே உயரத்தில் ஓடும் மெல்லிய வெள்ளை இடைவெளி என்று எல்லாமே அந்தப் பரப்பை வைத்துத்தான். எந்தப் பக்கத்தில் எது வரும் என்று முதலில் போடும் திட்டத்தாளுக்கு லேடர் என்று பெயர். அதை ஏணி என்றே வைத்துக்கொண்டோம், அதில் சிக்கல் வரவில்லை.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> இரட்டைப் பக்கம் என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, நானும் முதலில் இதைத்தான் ஏணியில் எழுதினேன். மறுநாளே குழப்பம் வந்துவிட்டது. “இரட்டைப் பக்கத்துல தலைப்பு வை” என்றதும் ஒரு தம்பி 2, 4, 6 என்று இரட்டைப்படை எண் உள்ள பக்கங்களில் எல்லாம் தலைப்பை வைத்துவிட்டான். அவன் மேல் தவறில்லை. இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்தான், சொல் அவனை அங்கேதான் கொண்டுபோகும். இருபக்கம் என்றாலும் இதே கதை. அச்சகத்தில் அதற்குத் தாளின் முன்னும் பின்னும் என்று பொருள்.

நடுப்பக்கம் என்பதை எல்லா ஸ்ப்ரெட்டுக்கும் வைக்க முடியாது. அது புத்தகத்தின் நட்டநடுவில் வருவதற்கு ஏற்கெனவே உரிய பெயர். எதிரெதிர்ப் பக்கங்கள் என்பது இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உள்ள ‘ஃபேசிங் பேஜஸ்’ என்ற தெரிவுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது இரண்டு பக்கங்களின் உறவைச் சொல்கிறதே தவிர, இரண்டும் சேர்ந்த ஒன்றைச் சொல்லவில்லை. “மூன்றாவது எதிரெதிர்ப் பக்கங்கள்” என்று எண்ணிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

> இணைப்பக்கம் நல்ல சொல். ஏன் தயக்கம்?

அக்கா, எனக்கும் இது மிகவும் பிடித்திருந்தது. இணையப் பக்கம் என்பதோடு காதில் குழம்பும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் தாளில் இருக்கிறது. அச்சகத்தில் பல பக்கங்களை ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிப்பார்கள், அதுதான் பாரம். 16 பக்கப் பாரம் ஒன்றை மடித்துப் பார்த்தால் தெரியும். திரையில் 6-ம் 7-ம் அருகருகே இருக்கின்றன. மடிப்பைப் பிரித்த தாளிலோ 6-ன் உடன்பிறப்பு 11, 7-ன் உடன்பிறப்பு 10. எந்த இணையைக் கூட்டினாலும் 17 வரும். 8-ம் 9-ம் மட்டும்தான் திரையிலும் தாளிலும் சேர்ந்தே இருப்பவை. ஆக, உண்மையிலேயே இணைந்திருப்பவை 6-ம் 11-ம். இணை என்ற சொல்லை அவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வேறுபாடு எனக்கு எப்படி உறைத்தது என்றால், சென்ற ஆண்டு மலரில் ஒரு வகுப்புப் படத்தை 6, 7 இரண்டிலும் பரப்பிப் போட்டிருந்தோம். திரையில் குறையே இல்லை. அச்சாகி வந்ததும் இரண்டாம் வரிசையில் நடுவில் நின்ற மாணவியின் முகம் சரியாக மடிப்பில் விழுந்திருந்தது. இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் ஒரு நூல் உயர வித்தியாசம். கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் காணவே காணோம். அவள் இரண்டு கட்டைவிரலாலும் மடிப்பை அழுத்திப் பிரித்துத் தன்னைத் தேடிக்கொண்டிருந்ததை நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பள்ளியில் அவளுடைய கடைசி ஆண்டு அது. 8, 9-ல் போட்டிருந்தால் அந்த உயர வித்தியாசமாவது வந்திருக்காது. நடுவில் ஆள் இல்லாமல் இடைவெளி விட்டு நிற்க வைத்திருந்தால் முகமும் தப்பியிருக்கும். “விரிபக்கம்தான், ஆனால் இணைபக்கம் இல்லை, முகத்தை நடுவில் வைக்காதே” என்று அன்றைக்கு ஏணியில் எழுத எங்களிடம் இரண்டு சொற்கள் இல்லை.

இந்த ஆண்டு 96 பக்கம், ஆறு பாரம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தனியாக நிற்பதால் விரிபக்கம் 47. அவற்றில் இணைபக்கமாகவும் இருப்பவை 8-9, 24-25, 40-41, 56-57, 72-73, 88-89 ஆகிய ஆறுதான். பெரிய குழுப் படங்களை எல்லாம் அந்த ஆறில் வைத்துவிட்டோம்.

விரிபக்கம் வினைத்தொகை. விரித்த, விரிக்கின்ற, விரிக்கும் பக்கம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஊறுகாய் போல இங்கும் வல்லினம் மிகாது, அதனால் ‘விரிப்பக்கம்’ என்று எழுத வேண்டாம். இணைபக்கத்தையும் அதே வழியில் ப் இல்லாமல் எழுதுகிறேன்.

ஒரு தடை சொல்லியிருந்தீர்கள்: உள்ளே மடித்து வைத்து வெளியே விரிக்கும் நீளத் தாளையும் விரிபக்கம் என்று நினைத்துவிடுவார்களே என்று. நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாளில் தனித்துத் தெரிவது அதன் மடக்கல்தான், அதனால் மடக்குத்தாள் என்றால் போதும் என்பது என் எண்ணம்.

ப்ளீட் பற்றிச் சுருக்கமாக. கசிவு என்று மொழிபெயர்க்க வேண்டாம், எதுவும் கசியவில்லை. வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க, படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்கிறோம். அதற்கு வெட்டுமிகை என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

கட்டர், அதாவது இரண்டு பக்கமும் மடிப்பில் சேரும் நடுவோரம், அதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. மடிவாய் என்று ஒரு தங்கை சொன்னாள், முகத்தை விழுங்கும் இடம் என்பதால். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தைத்த புத்தகத்தில் அது அவ்வளவாக விழுங்குவதில்லை, பசை வைத்து ஒட்டியதில்தான் ஆழமாக விழுங்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா? அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மெய்ப்புக்கு அனுப்புவதற்குள் ஏணியில் எழுத வேண்டும்.