அஸ்தி கரைத்தபோது தெலுக் கெமாங் கடலில் விழுந்த மோதிரம்: தேடி எடுக்க வழி உண்டா?

ரந்தாவ் மகன்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை காலை, அப்பாவின் அஸ்தியைக் கரைப்பதற்காக ரந்தாவிலிருந்து குடும்பத்தோடு மலேசியாவின் போர்ட்டிக்சன் தெலுக் கெமாங் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். தோட்டத்திலேயே பிறந்து, பால்மர (ரப்பர்) காலத்திலும் பின்னர் செம்பனைக் காலத்திலும் உழைத்து, மண்டோராக (கங்காணியாக) ஓய்வு பெற்றவர் அப்பா. சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் தமக்கென்று அவர் செய்துகொண்ட ஒரே நகை ஒரு மோதிரம். 916 தங்கம் (22 காரட்), ஏறக்குறைய ஆறு கிராம், உட்புறத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்து மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

காரியம் முடியும்வரை நீ போட்டிரு என்று சொல்லி அம்மா அதை என் விரலில் மாட்டிவிட்டார். அப்பாவின் விரல் பருமன் எனக்கு இல்லையாதலால் நூல் சுற்றித்தான் போட்டிருந்தேன். வலக்கை மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் அணிய வேண்டும் என்று சடங்கு செய்தவர் சொன்னதால் மோதிரத்தை இடக்கைக்கு மாற்றினேன். இடுப்பளவு நீரில், கடலுக்கு முதுகு காட்டி நின்று, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறினேன். குழாயடியில் கால் கழுவும்போது பார்த்தால், இடக்கை விரலில் ஈர நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் தம் பொருளைத் தாமே எடுத்துக்கொண்டார், விட்டுவிடு என்கிறார் சித்தப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடலில் விழுந்த மோதிரத்தை எடுக்க முடியுமா, அலை இதற்குள் எங்காவது கொண்டுபோயிருக்குமா, இணையத்தில் இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் மெட்டல் டிடெக்டரை வாங்கினால் பயன்படுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கருவிக்காரன், பந்திங்:

தம்பி, அப்பாவின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். நான் மோரிப் கடற்கரையிலும் உங்கள் பக்கத்துக் கடற்கரைகளிலும் ஒன்பது ஆண்டுகளாக டிடெக்டரோடு நடப்பவன். கைப்பேசியையும் மூக்குக் கண்ணாடியையும் அலை உருட்டிக்கொண்டு போகும். தங்க மோதிரத்தை அப்படி எளிதில் கொண்டுபோவதில்லை. 22 காரட் தங்கம் அதே பருமனுள்ள நீரைப்போல் பதினேழு மடங்குக்கு மேல் கனமானது. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆகவே ஒவ்வோர் அலையும் மணலைக் குலுக்கித் தளர்த்தும்போது, மோதிரம் விழுந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி, கிளிஞ்சல் படிவோ களிமண்ணோ தட்டுப்படும்வரை போய் உட்கார்ந்துகொள்ளும். தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆழத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். நல்ல கருவிகூட மோதிர அளவுள்ள பொருளை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான் உறுதியாகக் காட்டும். இதனால்தான் மண்வெட்டியோடு போய்க் கிளறாதீர்கள் என்கிறேன். நீங்கள் தோண்டும் குழியிலேயே மோதிரம் இன்னும் அரைச் சாண் இறங்கிவிடும்.

இருநூறு வெள்ளிக் கருவியை வாங்க வேண்டாம். அது காய்ந்த மணலில் ஆணியைக் காட்டும். உப்புநீர் ஊறிய மணலில் பயன்படாது. உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவி ஈர மணலையே உலோகமென்று எண்ணி ஒவ்வோர் அலைக்கும் கத்திக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பிப் பார்த்து உப்பின் குறியைக் கழித்துவிடும் கருவி வேண்டும், அல்லது மின்துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் இன்டக்‌ஷன் வகைக் கருவி வேண்டும். பின்னதில் இரும்பு எது, தங்கம் எது என்று பிரித்தறிவது கடினமாதலால், கேட்கும் ஒலி எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். உண்மையில் எந்தக் கருவியாக இருந்தாலும் தோண்டித்தான் ஆக வேண்டும். பானத் தகரக் குவளையின் இழுப்பு வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் திரையில் காட்டும். வளையம் என்று ஒதுக்கியவர் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கியிருப்பார்.

அருகில் வேறு இரும்பு இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேடுவதற்கு, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே ஒரு கருவி செய்துகொண்டு போனார். அவருக்கும் குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்பார்கள். சாவிக்கொத்தைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் சிரிப்பார்கள். பெல்லுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பயன்படுவது, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டீர்கள் என்ற செய்திதான். அசையாமல் இருக்கும் கையிலிருந்து மோதிரம் கழல்வது அரிது. கையை வீசும்போதுதான் கழலும். அப்படியானால் அது நீங்கள் நின்ற இடத்திலேயே விழாமல், கலயம் போன பக்கமாக, விசிறி விரித்தாற்போன்ற ஒரு பரப்பில் விழுந்திருக்கலாம். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. கரையில் நின்றவர்களில் யாராவது பார்த்திருப்பார்கள், படம் பிடித்திருப்பார்கள். கேட்டுச் சொல்லுங்கள். கலயத்தில் காசு போட்டீர்களா, பின்னர் முழுக்குப் போட்டீர்களா, எத்தனை மணிக்கு நீரில் இறங்கினீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ரந்தாவ் மகன்:

ஐயா, மிக்க நன்றி. அக்காள் மகன் கைப்பேசியில் பிடித்த காணொளி கிடைத்தது. எனக்கு வலப்பக்கம் கரையில் ஒரு வளைந்த சவுக்கு மரமும் அதன் பின்னால் பொதுக் கழிப்பறையின் நீலக் கூரையும் ஒரே நேர்க்கோட்டில் தெரிகின்றன. காலை எட்டரை மணி, நீர் ஏறிக்கொண்டிருந்தது. கலயத்தில் ஐம்பது காசு நாணயங்கள் ஐந்து போட்டோம். கலயத்தை விட்ட பிறகு கரைப்பக்கமாக ஆறேழு அடி நடந்து வந்து, மூன்று முழுக்குப் போட்டேன். இதை முதலில் எழுத மறந்துவிட்டேன், மன்னியுங்கள்.

பழைய கிராணி, சிலியாவ்:

தம்பி, உங்கள் சித்தப்பாவின் சொல்லைத் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. நெருப்புக்கும் நீருக்கும் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது பெரியவர்களின் வழக்கம். அது நாம் மனமறிந்து கொடுத்த பொருளுக்குப் பொருந்தும். மோதிரத்தை நீங்கள் கொடுக்கவில்லை, அது தவறி விழுந்தது. தேடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கரையில் நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் அஸ்தி கரைத்து வருகிறார்கள். கலயத்தோடு போன காசு அங்கே நிறையக் கிடக்கும். டிடெக்டர் ஒவ்வொரு காசுக்கும் ஒலி எழுப்பும். எடுத்துப் பாருங்கள், பார்த்தபின் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய அப்பாவுக்காகப் போட்ட காசு.

தேதியை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில்தான் நீர் மிகவும் கீழே இறங்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் போனால் நீங்கள் இடுப்பளவு நீரில் நின்ற இடம் முழங்கால் நீருக்குள்தான் இருக்கும். தேசிய நீரளவை மையமும் நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் பாசாங் சூருட் (நீர் ஏறி வற்றும் நேரங்களின்) அட்டவணை வெளியிடுகின்றன; அதில் போர்ட்டிக்சனுக்கு உரிய பக்கத்தைப் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்துக்கு உரிய நேரத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாந்தவன் நான்.

கடலாடி, லுமுட்:

அண்ணா, நீர் வற்றியும் அந்த இடம் வெளியே தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். முழங்கால் நீரில் தேடுவதற்கு வட்ட முறை நன்றாகப் பயன்படும். நடுவில் ஒரு கழியை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, கயிறு விறைப்பாக இருக்கும்படி ஒருவர் சுற்றிவர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் கருவியின் தட்டு அகலத்தில் பாதியளவு கயிற்றை நீட்டிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கலாம். வெறுங்கண்ணால் தேடுவோம் என்று நீச்சல் கண்ணாடி மாட்டி முங்கினால் பயன் இருக்காது. அந்தப் பக்கத்து நீர் கலங்கலானது, நீட்டிய கையே தெரியாது. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கிரிஸ் டர்னர் என்பவர் 2009இல் தொடங்கிய தி ரிங் ஃபைண்டர்ஸ் என்ற பெயர்ப்பட்டியலில் பல நாட்டுத் தேடுநர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பொருள் கிடைத்தால் உரியவர் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்வதே அவர்களுள் பலருடைய வழக்கம். முன்பணம் கேட்டு யாராவது உங்களைத் தொடர்புகொண்டால் சற்று யோசியுங்கள். மோதிரத்தின் எடையையும் உட்புற எழுத்து இருப்பதையும் பொதுவில் எழுதிவிட்டீர்கள். அது என்ன எழுத்து என்பதையாவது சொல்லாதீர்கள்.

ரந்தாவ் மகன்:

பௌர்ணமிக்கு மறுநாள் பந்திங் ஐயா வந்திருந்தார், நடந்ததை எழுதுகிறேன். சவுக்கு மரத்தையும் நீலக் கூரையையும் நேர்க்கோட்டில் வைத்து, காணொளியைப் பார்த்துப் பார்த்து நான் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தோம். இடுப்பளவு நீர் இருந்த அந்த இடத்தில் அன்று கணுக்கால் நீர்கூட இல்லை. கடல் பக்கமாகப் பத்தடி அகலத்துக்கு நைலான் கயிறு கட்டி, முதலில் கரைக்கு இணையாகவும் பிறகு குறுக்காகவும் இரண்டு முறை தேடினோம். மோதிரம் தட்டையாகக் கிடந்தால் ஒலி தெளிவாக வரும், செங்குத்தாக நின்றால் மங்கிவிடும் என்பதால்தான் இரு திசையிலும் நடக்க வேண்டும் என்று ஐயா விளக்கினார். முக்கால் மணி நேரத்தில் ஏழு இழுப்பு வளையங்களும், தூண்டில் ஈயம் நான்கும், ஐம்பது காசு நாணயங்கள் பதினொன்றும் கிடைத்தன. காசுகளைக் கிராணி ஐயா சொன்னபடி அங்கேயே விட்டுவிட்டோம். வளையங்களைக் குப்பைக்குக் கொண்டுவந்தோம்.

பிறகு ஒரு ஒலி கேட்டது. ஐயா துளையிட்ட எஃகு அகப்பையால் மணலை அள்ளி நீரில் அலசினார். கறுத்த மணல் வழிந்தோட, அடியில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. எனக்குக் கைகால் நடுங்கியது. எடுத்துப் பார்த்தால் அது அப்பாவுடையதன்று. சிறிய பெண் மோதிரம், உள்ளே இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் இருந்தன. யாருடைய கல்யாண மோதிரமோ தெரியவில்லை. அதற்குள் நீர் ஏறத் தொடங்கிவிட்டது. இந்த மோதிரத்தை என்ன செய்வது என்று சொல்லுங்கள். அம்மாவிடம் காட்டினேன், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பாவம் என்று மட்டும் சொன்னார்.

கருவிக்காரன், பந்திங்:

தம்பி, அதை வைத்துக்கொள்ளக் கூடாது. கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்ற பேச்சு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எடுபடும். குற்றவியல் சட்டத்தின் 403ஆவது பிரிவுப்படி, உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல் கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றமாகிவிடும். பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு போர்ட்டிக்சன் முகநூல் குழுக்களில், இந்தக் கரையில் ஒரு மோதிரம் கிடைத்தது என்று மட்டும் போடுங்கள். எழுத்தையும் தேதியையும் சொல்லிக் கேட்பவருக்கே அது உரியது. படத்தைப் போட்டுவிட்டால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள்.

உங்கள் மோதிரத்தைப் பொறுத்தவரை, விசிறிப் பரப்பை இருமுறை முழுவதுமாகத் தேடிவிட்டோம். அங்கே ஒரு சாண் ஆழத்துக்குள் அது இல்லை என்று துணிந்து சொல்லலாம். இனி எஞ்சியிருப்பது நீங்கள் முழுக்குப் போட்ட இடம். நீருக்குள் போய்வரும் விரல் சற்றுச் சுருங்கும், நூலும் நனைந்து வழுவழுக்கும்; மூன்று முழுக்கில் ஒன்றில் கழன்றிருக்கலாம். அப்போது கை மூக்கைப் பிடித்திருந்ததா, விரிந்திருந்ததா என்பதைக் காணொளியில் பார்த்துச் சொல்லுங்கள். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் புயற்காற்று இரண்டு மூன்று அடித்துவிட்டால் மேலே புது மணல் ஏறி, கருவிக்கு எட்டாத ஆழமாகிவிடும். அமாவாசையைத் தவறவிட வேண்டாம்.

ரந்தாவ் மகன்:

புகார் எழுதி ரசீதும் வாங்கிவிட்டேன், ஐயா. காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில், முதல் இரண்டு முழுக்கிலும் கைகூப்பியிருக்கிறேன். மூன்றாவதில் எழுந்து, முகத்தில் வழியும் நீரை இடக்கையால் வழித்துக் கரைப்பக்கமாக உதறுகிறேன். அந்த இடம் முன்பு கட்டிய கயிற்றுக்கு வெளியே, கரைப்பக்கமாக வருகிறது. அமாவாசைக்கு மறுநாள் நீர் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருப்பேன். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கயிறு பிடிப்பதற்கு ஆள் வேண்டுமே என்கிறார்.

கருவிக்காரன், பந்திங்:

வரட்டும். அவருடைய சாவிக்கொத்தை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.