கலிபோர்னியா: மூன்றரை அடி ரீடெய்னிங் சுவர், மேலே ஆறடி வேலி – பெர்மிட் வேண்டுமா?

சரிவுமனை: பே ஏரியாவில் சரிவான மனை. பின்புறம் மண்ணைத் தாங்க மூன்றரை அடி பிளாக் சுவர், அதன் தலையில் ஆறடி மரவேலி. நாலடிக்குக் கீழ் என்பதால் பெர்மிட் வேண்டாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா? பக்கத்து வீட்டாரிடம் பாதிச் செலவு கேட்கலாமா?

கட்டடக்காரன்: சரியில்லை. நாலடி என்பது வெளியே தெரிகிற உயரம் அல்ல. மண்ணுக்குள் இருக்கும் ஃபூட்டிங்கின் (அஸ்திவாரத்தின்) அடியிலிருந்து சுவர் உச்சி வரை. ஓரடி கன ஃபூட்டிங், அதன்மேல் அரையடி மண் என்றாலே உங்கள் சுவர் ஐந்தடி. பெர்மிட்டும் எஞ்சினியர் வரைபடமும் வேண்டும். பின்னால் மண் ஏறுசரிவாக இருந்தாலோ, கார் நின்றாலோ, நாலடிக்குள் இருந்தாலும் பெர்மிட் விலக்கு கிடையாது.

வேலிக்கு மாநில விதி ஏழடி வரை பெர்மிட் கேட்பதில்லை. ஆனால் ஸோனிங் (நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதி) தனி. முன்புறத்தில் மூன்றடியோடு நிறுத்தும் ஊர்கள் நிறைய. சுவரையும் வேலியையும் சேர்த்து அளக்கும் நகரங்களும் உண்டு. பள்ளப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்களுடையது ஒன்பதரை அடி. நகர அலுவலகத்தின் பிளானிங் கவுன்டரில் "எத்தனை அடி" என்பதோடு விடாமல், "எந்தப் பக்கத் தரையிலிருந்து அளப்பீர்கள்" என்றும் கேளுங்கள்.

அடுத்து வடிகால். சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். இங்குள்ள களிமண் மழையில் ஊறி உப்பும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அடியில் நாலங்குல துளைக்குழாய், துளைகள் கீழ்நோக்கி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஃபில்டர் துணி. துணி இல்லையென்றால் களிமண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். குழாயின் வாய் பக்கத்து மனைக்குள் திறக்கக் கூடாது.

வேலிக் கம்பத்தைப் பிளாக் குழிக்குள் சும்மா நட்டால், காற்று வேலியைத் தள்ளும்போது மேல்வரிசை பிளந்துவிடும். அந்தக் காற்றுச் சுமையையும் எஞ்சினியர் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே 811-க்கு (நிலத்தடிக் குழாய், கேபிள்களைக் குறித்துத் தரும் சேவையின் எண்) சொல்லி, இடத்தை வெள்ளைப் பெயின்டால் குறித்து வையுங்கள். கம்பி கட்டியதும், கான்கிரீட் ஊற்றுமுன் இன்ஸ்பெக்டர் பார்த்தாக வேண்டும்.

எல்லைக்கல்: செலவு பற்றி: கலிபோர்னியா சிவில் கோடு (உரிமையியல் சட்டம்) 841-ம் பிரிவின்படி, எல்லை வேலிச் செலவை இரு வீட்டாரும் சமமாக ஏற்க வேண்டும் என்பதுதான் தொடக்க நிலை. 30 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேலியில் என்ன பிரச்சினை, என்ன செய்யப் போகிறீர்கள், மதிப்பீடு, யாருக்கு எவ்வளவு, எப்போது – ஐந்தும் அதில் இருக்க வேண்டும். உங்கள் மனையை மேடாக்க நீங்கள் கொட்டும் மண்ணைத் தாங்கும் சுவருக்கு இதைக் காட்டிப் பாதி கேட்காதீர்கள், அது உங்கள் செலவு. எல்லையோரம் தோண்டுவதற்கும் அதே சட்டத்தின் 832-ம் பிரிவின்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். பழைய வேலி நிற்கும் இடமே எல்லை என்று நம்பாமல், லைசென்ஸ் உள்ள சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். சுவர் உள்ளே இருந்தாலும் ஃபூட்டிங் அந்தப் பக்கம் நீண்டால் வம்புதான்.

சரிவுமனை: ஒரே சுவருக்குப் பதில், இரண்டடிக்குக் கீழாகப் படிபோல் இரண்டு சுவர் வைத்தால் பெர்மிட் வேண்டாமா?

கட்டடக்காரன்: இடைவெளியைப் பொறுத்தது. கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி மேல்சுவர் வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிட நெருங்கினால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரில் இறங்கும், விலக்கும் போய்விடும். இடம் இருந்தால் நல்ல வழி. வேலியை மேல்படிக்குப் பின்னால் தள்ளி, தனி ஃபூட்டிங்கில் நிறுத்துங்கள்.