பயந்து நடுங்கிய நேரத்தில் துணைக்கு வந்தது யார்? உங்கள் அனுபவம்

செங்காங் தாதி:
2003, சார்ஸ் என்ற மூச்சு நோய் பரவிய சமயம். அப்போது இங்கே சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். டான் டோக் செங் மருத்துவமனையில் எனக்கு இரவு வேலை. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியறையில் படுப்பேன். கூட வேலை பார்த்தவர்களே நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழையுமுன் முகக்கவசத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டு "முருகா" என்பேன், காதில் விழுகிறதோ என்னவோ என்ற சந்தேகத்தோடுதான்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஒரு தமிழ்ப் பாட்டிக்குச் சொட்டு மருந்துப் பையை மாற்ற வேண்டும். மேலங்கி, இரண்டு கையுறை, என்95, அதற்கு மேல் கண்ணாடி. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கிடந்தது. கை நடுங்கிக் குழாயைச் செருகவே முடியவில்லை. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "முகம் தெரியலம்மா. ஆனா நீ வந்துட்டேன்னு தெரியுது. மெதுவாச் செய்" என்றார். நடுக்கம் நின்றுவிட்டது. தைரியம் சொல்ல வேண்டியவள் நான்!

துவாஸ் தம்பி:
அக்கா, எனக்கு 2020, கொரோனா சமயம். தொழிலாளர் விடுதியில் ஓர் அறைக்கு 12 பேர். தொற்று என்றதும் எக்ஸ்போ கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அது நோன்பு மாதம். பக்கத்துத் தடுப்பிலிருந்த பங்களாதேஷ் அண்ணன் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துத் தொழுவார். ஒருநாள் நோன்பு திறந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தைத் தாளில் வைத்து என் பக்கம் தள்ளினார். எனக்கு ருசியே தெரியாத நேரம். அந்தக் கொட்டையைக் கழுவி இன்னும் வைத்திருக்கிறேன். நம்பினவனை முருகன் கைவிட மாட்டான்.

ஈசூன் அக்கா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதே. அப்படியென்றால் சார்ஸில் இங்கே இறந்த 33 பேரும் நம்பாதவர்களா? என் கணவரின் அறுவை சிகிச்சை அன்று நானும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேண்டினேன். அவர் திரும்பவில்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் தனியாக இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. கூட இருப்பது வேறு, பிழைக்க வைப்பது வேறு.

அப்புறம் ஒன்று. யாராவது பயந்து கிடந்தால் "சாமி பார்த்துக்கும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நேரில் போய் உட்காருங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையா, பேசவே வேண்டாம். ரசம் சாதம் கொண்டுபோங்கள், டப்பாவைத் திருப்பிக் கேட்காதீர்கள். விளக்கேற்றுங்கள், மாத்திரையையும் வேளாவேளைக்குப் போடுங்கள். நேர்த்திக்கடனைச் சொல்லி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தேக்கா பேரன்:
ஈசூன் அக்கா, தம்பியையும் அப்படி விரட்ட வேண்டாம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது என் பாட்டி சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் ஓடிப்போய்ப் படுத்தவர். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் போய்க் கூட இருப்பது வேறு, காப்பது வேறு என்று சொல்லியிருக்க முடியாது. கன்னத்தில் பட்ட கல்தரையின் குளிர்ச்சியைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

செங்காங் அக்கா, அந்தப் பாட்டி பிழைத்தாரா?

செங்காங் தாதி:
தெரியாது தம்பி. மறுநாள் எனக்கு வேறு வார்டு. மூன்று நாள் கழித்து வந்தபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை.